புதுச்சேரியில் ஆய்வு உதவியாளர் வேலை: சேரலாமா, பி.எட். போகலாமா?

கெடிலக்கரை

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். புதுச்சேரியில் ஒரு பல்கலைக்கழகத்தின் உயிர்மருத்துவ ஆய்வகத்தில் நேர்காணலுக்குப் போனேன். எடுத்துக்கொண்டார்கள். புராஜெக்ட் வேலைதான். முதலில் ஆறு மாதம், பிறகு நீட்டிப்பார்களாம். தொகுப்பூதியம் இருபதாயிரம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். உத்தரவு இன்னும் வரவில்லை. செல் வளர்ப்பு, மூலிகைச் சாறுகளைப் புற்றுநோய்ச் செல்களில் சோதிப்பது, நோயாளிகளின் ரத்த மாதிரிகளில் எலிசா (ரத்தத்தில் குறிப்பிட்ட புரதத்தை அளக்கும் சோதனை). இவைதாம் வேலை என்றார் மேடம்.

அப்பா பி.எட். படி என்கிறார். "ஆறு மாதத்துக்கு ஒருதரம் கையெழுத்துக்குக் காத்திருக்கும் வேலைக்கு எதற்கம்மா தினமும் அவ்வளவு தூரம்?" என்பது அவர் கேள்வி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அங்கே அன்றாடம் உண்மையில் என்ன செய்ய வேண்டியிருக்கும்? இதை வைத்து பி.எச்டி.க்குப் போக முடியுமா? வேலை பார்த்துக்கொண்டே நெட் தேர்வுக்கு (ஆய்வு, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) படித்தவர்கள் இருக்கிறீர்களா? திருப்பாதிரிப்புலியூரில் இருந்து பஸ்ஸில் போய்வரலாம் என்று நினைக்கிறேன்.

முள்ளோடை

உத்தரவு கைக்கு வராமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். புராஜெக்டுக்குப் பணம் தருவது யார் என்று முதலில் கேளுங்கள். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) பணம் என்றால் ஒவ்வொரு பதவிக்கும் ஊதியம் நிர்ணயித்திருக்கிறார்கள். 'புராஜெக்ட் டெக்னிக்கல் சப்போர்ட்' இரண்டாம் நிலைக்கு 20,000, மூன்றாம் நிலைக்கு 28,000. வீட்டு வாடகைப்படி தனி. எம்.எஸ்சி. முடித்தவர் மூன்றாம் நிலைக்கே தகுதியானவர். டி.எஸ்.டி. (மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை) போன்ற துறைகளின் பணம் என்றால் 'புராஜெக்ட் அசோசியேட்' முதல் நிலைக்கு நெட் அல்லது 'கேட்' தேர்வு தேறியிருந்தால் 37,000, இல்லாவிட்டால் 30,000. நெட்டில் முன்னணியில் தேறியவர்களுக்குக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகையும் 37,000தான், 2023 ஜூனில் ஆணை போட்டு, அந்த ஆண்டு ஜனவரியில் இருந்தே கணக்கிட்டார்கள். பல்கலைக்கழகம் தன் கைக்காசில் நடத்தும் சிறு புராஜெக்ட் என்றால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அவர்கள் வைத்ததுதான் ஊதியம்.

வாடகைப்படி பணியிடத்தைப் பார்த்துத்தான் போடுவார்கள். புதுச்சேரி ஒய் வகை நகரம், 20 சதவீதம். நீங்கள் கடலூரில் தூங்குவது கணக்கில் வராது. அந்த இருபதாயிரம் படி சேர்ந்ததா, சேராததா, எந்தப் பதவிக்கு என்று கணக்குப் பிரிவில் கேளுங்கள். மேடத்திடம் கேட்க வேண்டாம். பல பேராசிரியர்களுக்கே இந்த விவரம் தெரியாது. கோப்பைக் கையில் வைத்திருக்கும் குமாஸ்தாவுக்குத் தெரியும்.

வெளியேறியவன்

சேராதீர்கள். சுருக்கமாக அவ்வளவுதான் சொல்ல வந்தேன், ஆனால் காரணம் கேட்பீர்கள்.

இதே மாதிரி ஓர் ஆய்வகத்தில் இருந்தேன், பெயர் வேண்டாம். புராஜெக்டின் முதல் ஆண்டுப் பணம் தீர்ந்தது. செலவுக் கணக்குச் சான்றிதழ் போனால்தான் அடுத்த தவணை வரும் என்றார்கள். சான்றிதழ் ஒரு மேசையில் தூங்கியது. நான் சம்பளம் இல்லாமல் வேலைக்குப் போனேன், ஏனென்றால் இன்குபேட்டரில் இருக்கும் செல்லுக்குத் தவணை தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் செல் வளரும் சத்துக் கரைசலை மாற்ற வேண்டும். நீட்டிப்பு உத்தரவு பழைய தேதியிட்டு வந்தது. கட்டுரை வெளிவந்தபோது என் பெயர் கடைசியில் நன்றியுரையில் இருந்தது, அதுவும் முன்னெழுத்து தப்பாக.

இப்போது ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஷிப்ட் முடிந்தால் வீடு. மாதம் பிறந்தால் சம்பளம். கைடின் மகனுக்குப் பள்ளிக்கூட புராஜெக்ட் வரைந்து கொடுக்க வேண்டியதில்லை.

பைப்பெட்டும் பேனாவும்

வெளியேறியவன் தம்பி சொன்ன எல்லாமே நடக்கும். எனக்கும் கொஞ்சம் நடந்தது. ஆனாலும் 'சேராதே' என்று ஒரே அடியாகச் சொல்ல மாட்டேன். தங்கை கேட்டது அன்றாட வேலையைப் பற்றி. அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

காலையில் போனதும் இன்குபேட்டரைத் திறந்து குடுவைகளைப் பார்ப்பீர்கள். உள்ளே 37 டிகிரி, ஐந்து சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. செல் வளரும் ஊடகத்தில், அதாவது சத்துக் கரைசலில், பீனால் ரெட் என்ற சாயம் இருக்கும். செல்கள் பெருகி அமிலம் சேரச் சேர, சிவப்பு ஆரஞ்சாகி மஞ்சளாகும். மஞ்சளோடு கலங்கலும் இருந்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது. பிளீச்சிங் கரைசல் ஊற்றி அழித்துவிட வேண்டியதுதான். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா இன்னும் மோசம். கலங்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, செல்லின் நடத்தையை மட்டும் மெல்ல மாற்றிவிடும். அவ்வப்போது பி.சி.ஆர். வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பார்க்காத ஆய்வகத்தில் அது 'இல்லை' என்றே சொல்வார்கள்.

பிறகு மூலிகைச் சாறு. நம் பக்கத்தில் எந்த ஆய்வகத்துக்குள் நுழைந்தாலும் ஒரு மூலையில் செய்தித்தாளில் ஏதோ ஓர் இலை காய்ந்துகொண்டிருக்கும். அதை அரைத்து, எத்தனாலில் ஊறவைத்து, வடித்து, புற்றுநோய்ச் செல் மேல் ஊற்றி, செல் செத்ததா என்று பார்ப்பது. பார்க்கும் முறை பெரும்பாலும் எம்.டி.டி. சோதனை. உயிருள்ள செல் எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தை ஊதாப் படிகமாக மாற்றும். அந்தப் படிகத்தை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து 570 நானோமீட்டர் ஒளியில் அளப்போம். ஊதா எவ்வளவோ, அவ்வளவு செல் உயிரோடு இருக்கிறது என்று கணக்கு.

இதில்தான் கோளாறு. நெல்லிக்காய், கடுக்காய் போன்றவற்றின் சாற்றில் பாலிபீனால்கள் நிறைய. அவை சோதனைத் தட்டில் செல்லே இல்லாத குழியிலும் எம்.டி.டி.யைத் தாமே ஊதாவாக்கிவிடும். செல் செத்துக் கிடந்தாலும் கருவி 'உயிரோடு இருக்கிறது' என்று எண் கொடுக்கும். இன்னொரு பக்கம், சாற்றைக் கரைக்கப் பயன்படுத்திய டி.எம்.எஸ்.ஓ. அளவு மீறினால் அதுவே செல்லைக் கொன்றுவிடும். புகழ் மூலிகைக்குப் போகும். அதனால் 96 குழித் தட்டில் இரண்டு வரிசைகள் கட்டாயம் வேண்டும். ஒன்றில் செல் இல்லாமல் சாறும் எம்.டி.டி.யும். இன்னொன்றில் செல்லோடு கரைப்பான் மட்டும். ஓரக் குழிகளில் ஊடகம் ஆவியாகி எண்களைக் கெடுக்கும் என்பதால் அங்கே வெறும் உப்புக் கரைசல் ஊற்றி விட்டுவிடுவோம்.

சேருவதற்கு முன் ஒருநாள் போய், அங்கே இருக்கும் பி.எச்டி. ஸ்காலரிடம் அவர் தட்டு அமைக்கும் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரிசையும் இருந்தால் சேருங்கள். இல்லாவிட்டால் முப்பதாயிரம் கொடுத்தாலும் எனக்குத் தயக்கம்தான். ஆறு மாதத்தில் கையில் என்ன பழக்கம் ஏறுகிறதோ, அதுதான் அடுத்த இடத்துக்குக் கூடவே வரும்.

முள்ளோடை

அக்கா, நேர்காணலில் தேறிய பெண் போய் 'உங்கள் கண்ட்ரோலை (அந்த ஒப்பீட்டு வரிசைகளை) காட்டுங்கள்' என்று கேட்டால் வேலை போய்விடாதா?

பைப்பெட்டும் பேனாவும்

கேட்கும் விதத்தில் இருக்கிறது. 'சேரும் முன் முறையைப் படித்துவிட்டு வர விரும்புகிறேன், ஒரு தட்டு வரைபடம் கிடைக்குமா?' என்றால் எந்த மேடமும் மகிழ்ச்சியோடு கொடுப்பார். அதற்கும் முகம் சுளித்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கூடவே இதையும் விசாரியுங்கள்: செல் எங்கே வாங்கியது? புனே தேசிய செல் அறிவியல் மையத்தில் வாங்கியதற்குச் சீட்டு இருக்கிறதா, பக்கத்து ஆய்வகத்தில் இரவல் வாங்கியதா? வாய்ப் புற்றுநோய்ச் செல் என்று கே.பி. செல்லை வைத்து இன்னும் கட்டுரை எழுதுகிறார்கள். அது உண்மையில் ஹீலா. 1951-ல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றில் இருந்து எடுத்த செல் அது. வேகமாகப் பெருகுவதால் மற்ற குடுவைகளில் புகுந்து அவற்றையே விழுங்கிவிட்டது. 'வாய்ப் புற்றுக்கு மருந்து' என்று எழுதியவர் கருப்பை வாய்ச் செல்லைக் கொன்றுகொண்டிருந்தார். எஸ்.டி.ஆர். என்ற டி.என்.ஏ. அடையாளச் சோதனை செய்தால் தெரிந்துவிடும்.

வெளியேறியவன்

இதெல்லாம் தெரிந்துகொண்டு என்ன, அக்கா? கண்ட்ரோல் சரியில்லை என்று உதவியாளர் சொன்னால் கேட்பார்களா? நான் சொன்னேன். "முதலில் எண் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்றார்கள். எண் வந்தது. பிறகு யாரும் பார்க்கவில்லை.

பைப்பெட்டும் பேனாவும்

கேட்க மாட்டார்கள், பல இடங்களில். அதனால்தான் நோட்டில் எழுதச் சொல்கிறேன். தேதி போட்டு, பேனாவால், பக்க எண்ணோடு. தப்பு என்றால் ஒற்றைக் கோடு அடித்துப் பக்கத்தில் எழுதுங்கள்; வெள்ளை மை தொடக்கூடாது. 'செல் இல்லாத குழியில் இவ்வளவு ஊதா வந்தது' என்று அன்றைக்கே எழுதியது அந்தப் பக்கத்தில் நிற்கும். எனக்குப் பின்னால் வந்த பையன் என் பழைய நோட்டைப் புரட்டித்தான் ஒரு முழு வரிசைச் சோதனையைத் திரும்பச் செய்தான். மேடமும் ஒத்துக்கொண்டார், நோட்டில் இருந்ததால்.

கட்டுரையில் பெயர் விஷயத்துக்கும் வருகிறேன். தம்பிக்கு நடந்தது அநியாயமாகவே இருக்கலாம். ஆனால் மருத்துவ இதழ்கள் பின்பற்றும் விதியில், தரவு எடுத்துக் கொடுப்பது மட்டும் ஆசிரியராகப் போதாது. எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு இவையும் வேண்டும். ஆகவே யாரும் கேட்கும் முன்னரே செய்முறைப் பகுதியையும் படங்களின் கீழ் வரும் குறிப்புகளையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். செய்தவர் எழுதினால்தான் அது சரியாகவும் இருக்கும். அந்த மின்னஞ்சல் உங்கள் பெட்டியில் இருக்கட்டும்.

கெடிலக்கரை

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. ரத்த மாதிரி என்றதும் அம்மா பயப்படுகிறார். நோயாளிகளின் ரத்தம், எச்.ஐ.வி. எல்லாம் இருக்குமே என்கிறார். என்ன சொல்லித் தேற்றுவது?

வார்டு நம்பர் ஏழு

மருத்துவமனை ஆய்வகத்தில் டெக்னீஷியன் நான். தேற்ற வேண்டாம், செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவு பாருங்கள். பத்துக்கு மேல் இருக்க வேண்டும். எந்த மாதிரி வந்தாலும் அதில் கிருமி இருக்கிறது என்றே வைத்துக் கையுறை போடுங்கள். ஊசிக்கு மூடி திரும்பப் போடவே கூடாது. குத்திவிட்டால் அழுத்திப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை.

கழிவு விதி 2016-இல் வந்தது. கூர்மையானது வெள்ளை டப்பாவுக்கு, கண்ணாடி நீலத்துக்கு, டிப், டியூப், கையுறை சிவப்புக்கு. வளர்ப்புக் குடுவையில் மிஞ்சும் கிருமிக் கழிவை முதலில் ஆட்டோகிளேவ் செய்து பிறகு மஞ்சளில் போட வேண்டும். ஆய்வகத்தில் இந்த நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கறுப்பு பையில் எல்லாம் கிடந்தால் அம்மா பயப்படுவது நியாயம்.

உப்பனாறு

யாரும் சொல்லாத ஒரு பகுதி: ஃபிரீசர் காவல். அழகான வேலை இல்லை, ஆனால் நம் கடற்கரையில் இது இல்லாமல் தீராது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது நினைவிருக்கும். சனிக்கிழமை. மின்சாரம் போனது. எங்கள் ஆய்வகத்தில் ஜெனரேட்டர் இருந்தது. அதில் டீசல் இல்லை. மைனஸ் 80 ஃபிரீசரில் ஆண்டுக்கணக்கில் சேர்த்த சீரம், ஆர்.என்.ஏ. எல்லாம். நோயாளி இறந்தே போயிருப்பார், மாதிரி மட்டும் இருக்கும். திரும்ப எடுக்க வழியே கிடையாது. அங்கே தங்கியிருந்தது ஒரு ஸ்காலரும் இரண்டு உதவியாளர்களும்.

ஃபிரீசர் கதவைத் திறக்காமல் வைத்தால் நிறைந்த ஃபிரீசர் பல மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளிக்காற்று ஈரத்தோடு உள்ளே போகும். எந்த அடுக்கில் எந்தப் பெட்டி என்ற பட்டியலை எங்கள் உதவியாளர் பெண் ஏற்கெனவே கதவின் வெளிப்பக்கம் ஒட்டியிருந்தாள், அவசரத்தில் முதலில் எடுக்க வேண்டியவை சிவப்பு மையில். டிஜிட்டல் முகப்பில் எண் ஏற ஆரம்பித்ததும் ஒரே முறை திறந்து, ஆர்.என்.ஏ. பெட்டிகளை மட்டும் எடுத்துத் திரவ நைட்ரஜன் கேனுக்கு மாற்றினார்கள். மைனஸ் 196 டிகிரி. அதற்கு மின்சாரமே வேண்டாம், நைட்ரஜன் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். மறுநாள் தண்ணீரில் நடந்து போய் யாரோ கேனில் டீசல் கொண்டு வந்தார்கள்.

அந்தப் பட்டியலை ஒட்டச் சொல்லி யாரும் அவளுக்கு உத்தரவு போடவில்லை. இப்போது அவள் பி.எச்டி. செய்கிறாள், வேறு ஊரில். பரிந்துரைக் கடிதத்தில் எங்கள் சார் எழுதியது முக்கால்வாசி அந்த இரவைப் பற்றித்தான்.

கொசுவலை

இடையில் ஒரு வார்த்தை. ஆய்வு உதவி என்றால் செல், தட்டு மட்டும் அல்ல. நான் கொசுப் பக்கம். புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆரின் கொசு, பூச்சி ஆய்வு மையம் 1975 முதல் இருக்கிறது. டெங்குவைத் தடுக்க வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசுக்களை நம் நாட்டில் உருவாக்கியதும் அங்கேதான். கள உதவியாளருக்கு வேலை வெளியில். யானைக்கால் நோய்க் கணக்கெடுப்பு என்றால் ராத்திரிதான் ரத்தம் எடுக்க வேண்டும். அந்தப் புழுக்குஞ்சுகள் நள்ளிரவை ஒட்டித்தான் விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்துக்கு வரும். தூங்குபவரை எழுப்பி விரலில் குத்திப் பாருங்கள், பொறுமை என்றால் என்னவென்று தெரியும்.

கெடிலக்கரையின் அப்பாவுக்குச் சொல்ல இதுவும் உதவலாம். ஜிப்மர், எங்கள் மையம், காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம், தெற்கே சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரியல் மையம். எல்லாமே கடலூரில் இருந்து பஸ் தூரத்தில். ஓர் இடத்தில் நீட்டிப்பு வரவில்லை என்றால் அடுத்த நேர்காணலுக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. இந்த வசதி எல்லா மாவட்டத்துக்கும் கிடைத்துவிடாது.

ரெட்டிச்சாவடி பஸ்

போய்வருவது பற்றி: கடலூர் முதல் புதுச்சேரி பஸ் நிலையம் வரை சிரமமே இல்லை. தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டும்போது காலையில் நெரிசல், அவ்வளவுதான். உங்கள் ஆய்வகம் நகரத்துக்குத் தெற்கே என்றால் கண்ணை மூடிக்கொண்டு போய்வரலாம். காலாப்பட்டுப் பக்கம் என்றால் இன்னொரு பஸ் மாற வேண்டும், அப்போது நெட் தேர்வுக்குப் படிப்பது பஸ்ஸில்தான் நடக்கும். நான் அப்படித்தான் படித்தேன், தேறினேன்; ஆனால் ஜன்னல் சீட் கிடைக்க வேண்டும்.

நெட் விதியும் மாறியிருக்கிறது. 2024 முதல் ஜே.ஆர்.எஃப். வராவிட்டாலும், பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்று ஒரு பிரிவு உண்டு. அந்த மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லும்; சேர்க்கையில் அதற்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30. அந்த முப்பதில்தான் நீங்கள் தட்டு போட்ட கதையைச் சொல்வீர்கள். பி.எட்.டில் இருந்து வருபவருக்கு அங்கே சொல்ல ஒன்றும் இருக்காது.

வெளியேறியவன்

பி.எட். முடித்தவருக்குப் பள்ளியில் வேலை இருக்கும். அதையும் எழுதுங்கள்.

ரெட்டிச்சாவடி பஸ்

இருக்கட்டும், யார் இல்லை என்றது. ஆசிரியர் ஆக ஆசை என்றால் பி.எட். போகட்டும். இவர் ஆசிரியர் ஆக ஆசை என்று எங்குமே எழுதவில்லையே.

கெடிலக்கரை

போய் விசாரித்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லாமலே காணாமல் போனதற்கு மன்னிக்கவும்.

கணக்குப் பிரிவில் கேட்டேன். ஐ.சி.எம்.ஆர். புராஜெக்ட்தான். இருபதாயிரம் என்பது இதே புராஜெக்டில் இன்னொரு பதவிக்காம். எனக்கு மூன்றாம் நிலை, 28,000, வாடகைப்படி தனி. உத்தரவு நகலும் கையில் வந்துவிட்டது. முள்ளோடை அண்ணா சொன்னபடி குமாஸ்தாவிடமே கேட்டதால்தான் தெரிந்தது. முதல் தவணை வந்துவிட்டது, அடுத்தது எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. வெளியேறியவன் அண்ணா சொன்னதை மறக்கவில்லை.

தட்டு வரைபடம் ஸ்காலர் அக்கா காட்டினார். கரைப்பான் வரிசை இருந்தது. செல் இல்லாத வரிசை இல்லை. மெதுவாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போன மாதம் ஒரு சாறு, அளவு கூடக் கூட செல் பெருகுவதாகக் காட்டியது. எங்களுக்கும் ஏன் என்று புரியவில்லை" என்றார். மேடம் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நான் சேர்ந்ததும் முதல் வேலையாக அந்தச் சாறுகளைச் செல் இல்லாமல் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நான்கு நிறத்திலும் பைகள் இருந்தன. செல்லுக்குப் புனேயில் இருந்து வந்த சீட்டைக் கோப்பில் பார்த்தேன்.

அப்பா ஓராண்டு பார் என்று சொல்லியிருக்கிறார். பி.எட். விண்ணப்பத்தை வாங்கி பீரோவில் வைத்திருக்கிறார், அது வேறு.

பைப்பெட்டும் பேனாவும்

மேடம் கோபப்படாமல் வேலையாக மாற்றிக் கொடுத்தாரே, அப்படியானால் சேருங்கள். அந்தச் சோதனையில் ஒரே சாற்றை எல்லாச் செறிவிலும் வையுங்கள், மூன்று குழி வீதம். எம்.டி.டி. சேர்க்காமல் சாறு மட்டும் ஒரு வரிசையும் வேண்டும். பச்சை, பழுப்புச் சாறுகளுக்குச் சொந்த நிறமே 570-இல் எண் கொடுக்கும். எம்.டி.டி. ஊற்றும் முன் சாற்றை நீக்கிவிட்டுக் கழுவினால் எவ்வளவு குறைகிறது என்றும் இன்னொரு தட்டில் பாருங்கள். முடிவு எப்படி வந்தாலும் நோட்டில் ஏற்றுங்கள்.

வார்டு நம்பர் ஏழு

முதல் ஊசி சேருவதற்கு முன்பே. அடுத்த இரண்டின் தேதியைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள், ஆறாம் மாத ஊசியைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

வெளியேறியவன்

வாழ்த்துகள் தங்கை. இரண்டாம் தவணை வந்ததா என்று மட்டும் இங்கே வந்து எழுதுங்கள்.